இருபது நிமிடம் குறைத்தால் சரியாகிவிடுமா?

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டுகிறார்கள். “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே ப்ரோ, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக். எடிட்டர் ஒரு இருபது நிமிஷம் ட்ரிம் பண்ணியிருந்தா படம் வேற லெவல்.” படம் மாறும், தியேட்டர் மாறும், இந்த வாக்கியம் மட்டும் மாறாது. இரண்டு நாள் கழித்து வரும் பத்திரிகை விமர்சனத்தில் இதுவே கொஞ்சம் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும்: “படத்தொகுப்பாளர் தன் கத்தரிக்கு இன்னும் வேலை கொடுத்திருக்கலாம்.” பாராட்டுவதாக இருந்தால் கடைசிப் பத்தியில், ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, பின்னணி இசை பலம் என்ற வரிசையில், “எடிட்டிங் கச்சிதம்” என்று இரண்டே சொல்.

சாலிகிராமத்து எடிட்டிங் அறைகளில் ஏ.சி. குளிரிலும் இருட்டிலும் காலம் தள்ளுகிறவன் நான். ஃபிலிமை விரலால் தொட்டு, வெட்டி, ஒட்டிய காலத்தின் கடைசியில் உதவியாளனாகச் சேர்ந்து கணினிக்கு மாறிய தலைமுறை. அதனால் அந்த இருபது நிமிடக் கணக்கு எனக்கு மனப்பாடம். யாரும் பதினேழு நிமிடம் என்று சொன்னதில்லை. எந்தக் காட்சியில் எந்த இருபது என்றும் சொன்னதில்லை.

படம் நீளமாகத் தெரிவதற்கும் படத்தின் நீளத்துக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது என்பது என் கட்சி. எடிட்டிங் என்றால் குறைப்பது என்று பார்வையாளர்களும், விமர்சகர்களும், இப்போது தயாரிப்பாளர்களும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அந்த நம்பிக்கையால் கெட்டுப்போன படங்கள் நீளத்தால் கெட்டுப்போன படங்களைவிட அதிகம் என்று தோன்றுகிறது.

ஒரு காட்சி எங்கள் மேசைக்கு எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா அடுப்படியில் தோசை வார்க்கிறாள். மகன் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். துபாயில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் கிளம்ப வேண்டும் என்கிறான். எழுத்தில் முக்கால் பக்கம். படப்பிடிப்பில் முதலில் மாஸ்டர் ஷாட் எடுப்பார்கள். அடுப்பு, அம்மா, மகன், ஜன்னல் எல்லாம் தெரியும்படி, காட்சி முழுவதும் ஒரே ஓட்டமாக. பிறகு அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து மகன், மகனின் தோளுக்குப் பின்னாலிருந்து அம்மா. இதற்கு நம் யூனிட்டுகளில் சஜஷன் ஷாட் என்று பெயர். அடுத்து இருவருக்கும் தனித்தனியே குளோஸ்-அப். நேரமிருந்தால் தோசைக்கல், தட்டு, சட்னிக் கிண்ணத்துக்குப் போகும் கை என்று சில இன்சர்ட்டுகள். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு டேக். முக்கால் பக்கக் காட்சிக்கு இப்படி ஒரு குவியல் வந்து சேரும்.

இப்போது, “அடுத்த வாரம் கெளம்பணும்மா” என்ற வசனம் வருகிறது. அப்போது திரையில் யார் முகம் இருக்க வேண்டும்?

பேசுகிறவன் முகம் இருந்தால் அது ஒரு தகவல். கேட்கிறவள் முகம் இருந்தால் அது அவளுக்கு நேர்ந்த ஒன்று. மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அவன் குரல் கேட்கிறது, திரையில் தோசைக்கல் மட்டும் இருக்கிறது. தோசையின் ஓரத்தை எடுக்கப் போன கரண்டி பாதியில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் அவன் முகம். குரல் முன்னால் வந்து படம் பின்னால் வருவதை ஜே-கட் என்கிறோம். படம் மாறிய பின்னும் பழைய ஒலி தொடர்ந்தால் எல்-கட். டைம்லைனில் படத் துண்டும் ஒலித் துண்டும் ஒன்றுக்குக் கீழ் ஒன்று உட்கார்ந்திருக்கும் தோற்றம் அந்த ஆங்கில எழுத்துகளைப் போல் இருப்பதால் வந்த பெயர்கள், வேறு பெரிய தத்துவம் இல்லை. ஆனால் நீங்கள் பார்த்த நல்ல வசனக் காட்சிகளில் பாதியாவது இந்த இரண்டாலும் நிற்பவை. பேசும் வாய்க்குப் பேசும் வாய் தாவிக்கொண்டே இருக்கிற காட்சி நாடகம் பார்ப்பதுபோலத் தோன்றுவதற்கு இவை இல்லாததே பெரும்பாலும் காரணம்.

அடுத்த கேள்விதான் கடினமானது. வசனம் முடிந்தபின் அம்மா முகத்தில் எத்தனை நேரம் இருப்பது? ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். 15 ஃபிரேமில் வெட்டினால் அவள் கேட்டாள் என்பது மட்டும் தெரியும். 40 ஃபிரேம் இருந்தால் புரிந்துகொண்டாள் என்பது தெரியும். 70 ஃபிரேம் விட்டால், புரிந்ததை அவனுக்குக் காட்டாமல் மறைத்துக்கொண்டு, “இன்னொன்னு வைக்கவா?” என்று கேட்பதற்கு முன் தொண்டையில் ஒன்று ஏறி இறங்குமே, அது வரும். மூன்றுக்கும் இடையில் மொத்தம் இரண்டரை வினாடிகூட வித்தியாசம் இல்லை. ‘கச்சிதம்’ வேண்டும் என்று 15-இல் வெட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அவள் நகையைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிற காட்சி வருகிறது. பார்க்கிறவருக்கு அவள் மனது தெரியாது. அதனால் அந்தக் காட்சி ஏன் என்று தெரியாது. கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார். வெளியே வந்து மைக்கில் சொல்வார்: “செகண்ட் ஹாஃப் லேக்.” அவருக்குச் சலிப்பு வந்தது உண்மை. காரணம் மட்டும் அவர் நினைக்கிற இடத்தில் இல்லை. முதல் பாதியில் காணாமல்போன இரண்டு வினாடியில் இருக்கிறது. வைத்தியம் என்று அடகுக் கடைக் காட்சியையும் தூக்குவார்கள். அதன் பின் கிளைமாக்ஸில் அம்மா அழுவது தேவையில்லாத அழுகையாகிவிடும்.

ஒரு ஷாட்டின் அர்த்தம் அந்த ஷாட்டுக்குள் மட்டும் இல்லை என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். லெவ் குலெஷோவ் என்ற ரஷ்யர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியதாகச் சொல்லப்படுவது. இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சியற்ற ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்தோடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அவர் பசியை, துக்கத்தை, ஆசையை என்னமாய் நடித்திருக்கிறார் என்று வியந்தார்களாம். அந்த ஃபிலிம் இன்று கைவசம் இல்லை. ஆனால் நம் ஊர் மாஸ் படத்தில் நாயகன் சும்மா திரும்பிப் பார்க்க, அடுத்த ஷாட்டில் அடியாள் பின்வாங்க, நாம் விசிலடிக்கிறோமே, அது இன்றைக்கும் குலெஷோவ் கணக்குதான்.

குறைப்பதே எடிட்டிங் என்றால் இன்னொன்றை விளக்க முடியாது. செர்கேய் ஐஸன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’, 1925. ஒடெஸா நகரத்துப் படிக்கட்டில் ஜாரின் சிப்பாய்கள் மக்களைச் சுட்டுக்கொண்டே இறங்கி வருகிறார்கள். அவர்கள் இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நிஜத்தில் அந்தப் படிகளை இறங்கி முடிக்க ஆகிற நேரத்தைவிடத் திரையில் ஆகிற நேரம் பல மடங்கு. தாய் சரிகிறாள், குழந்தை இருக்கும் தள்ளுவண்டி படியின் விளிம்பில் ஊசலாடுகிறது, வெட்டி வேறொரு முகம், மறுபடி வண்டி. நேரத்தை இழுத்து நீட்டியதும் அதே கத்தரிதான். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் குளியலறைக் கொலையும் அப்படியே. திரையில் முக்கால் நிமிட அளவு. எடுக்க ஏழு நாள். 78 கோணங்களில் எடுத்து, 52 கட்டுகளாக்கி எடிட்டர் ஜார்ஜ் டொமாசினி அடுக்கியதைப் பார்த்துவிட்டு, கத்தி உடலில் இறங்குவதைத் தெளிவாகப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்ததில் பெரும்பகுதி ஷாட்டுகளுக்கு நடுவே அவர்களே போட்டுக்கொண்டது.

வெட்டாமல் இருப்பதும் எடிட்டிங்தான் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988. எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, தொகுத்ததும் அவரே. பாட்டு கிடையாது, பின்னணிக்கு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டார். நாயகி சுதா கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை அவளுடைய தாத்தா தனியாகப் பார்க்கப் போகிற பகுதி ஒன்று உண்டு. தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். கதைக்கு அங்கே வேண்டியது ஒரு வரி: தாத்தா வீட்டைப் பார்த்தார். கச்சிதக்காரர் யாராவது மேசையில் உட்கார்ந்திருந்தால் மூன்று ஷாட்டில் முடித்திருப்பார். கிளம்பினார், வந்தார், சிரித்தார்.

பாலு மகேந்திரா அவரை நடக்க விடுகிறார். வயதான கால்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளுமோ அவ்வளவு நேரம். பூசாத சுவர், கதவு வைக்காத வாசல், கூரையில்லாத வெளிச்சம். அவர் கை செங்கல்லைத் தொடுகிறது. வசனம் இல்லை, அவர் என்ன நினைக்கிறார் என்று சொல்ல யாரும் இல்லை. நாம் அவசரப்படத் தொடங்குகிற கட்டத்தைத் தாண்டி, அவருடைய வேகத்துக்கு நம் மூச்சு இறங்கிவிடுகிற வரைக்கும் அந்தப் பகுதி போகிறது. அதற்குப் பிறகு அவர் இறந்துபோகிறார். அந்த நடை இல்லையென்றால் அது செய்தித்தாளின் இரங்கல் கட்டம்; நடை இருப்பதால், அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்கக் கொடுத்துவைக்காத ஒருவரை நாம் இழக்கிறோம். இன்று இந்தப் பகுதியை ஒரு முன்னோட்டக் காட்சியில் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். விளக்கு போட்டதும் முதலில் எழும் குரல், “அந்தப் பெரியவர் நடக்கிறது மட்டும் கொஞ்சம்...” என்று இழுக்கும்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ கடைசிக் காட்சியில் ஊர் மக்கள் பேசாமல் நிற்கும் முகங்களும் இந்த வகைதான். பி. லெனின் தொகுத்த படம். அவசரப்பட்டிருந்தால் அது வெறும் பழிவாங்கலாக முடிந்திருக்கும்.

வேகமாக வெட்டினால் வேகமாகப் போகும் என்பது காகிதத்தில் சரியாக இருக்கிறது. அமெரிக்கத் திரைப்பட அறிஞர் டேவிட் போர்ட்வெல் ஷாட்டுகளை உட்கார்ந்து எண்ணியவர். 1930-இலிருந்து 1960 வரையிலான ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் பெரும்பாலும் 8 முதல் 11 வினாடி, 1990-களின் இறுதியில் 3 முதல் 6 வினாடி என்று கணக்கிட்டார். நம் சண்டைக் காட்சிகளில் இன்று ஒரு வினாடிக்குள்ளேயே இரண்டு வெட்டு விழுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் கண் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது: யார் எங்கே நிற்கிறார், யார் அடித்தது, எந்தப் பக்கம் கதவு. அரை வினாடியில் தேடி முடிப்பதற்குள் அடுத்தது. ஐந்து நிமிடம் இப்படித் தேடிய கண் களைத்துவிடுகிறது. களைப்பு வந்த பிறகு படம் நீளமாகத்தான் தெரியும். மூன்று மணி நேரப் பழைய படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் விளம்பரங்களோடு பார்த்துவிட்டு எழுந்திருக்கிறவர், இரண்டே கால் மணி நேரப் புதுப் படத்தில் நெளிவதற்கு வேறு என்ன காரணம் சொல்வது?

இனி எங்கள் பக்கத்துக் கதை. 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நிமிடத்துக்கு 90 அடி. 1000 அடி ரோல் என்றால் 11 நிமிடம். 400 அடி ரோல் நாலரை நிமிடம்கூட வராது. ஒவ்வோர் அடியும் காசு. “இன்னும் 120 அடிதான் இருக்கு சார்” என்று கேமரா உதவியாளர் சொன்னால் செட்டே அமைதியாகும். அந்தப் பயத்தில் இயக்குநர் முதல் நாள் இரவே காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார். இந்த வரிக்கு அம்மாவின் குளோஸ், இந்த வரிக்கு மாஸ்டர் என்று கணக்கு இருக்கும். எங்கள் மேசைக்கு வருகிற ரஷ்ஷில் அந்த முடிவு தெரியும்.

இப்போது மெமரி கார்டு. மூன்று கேமரா. யாரும் ‘கட்’ சொல்வதில்லை. “அப்படியே போ, ரோலிங்லயே இன்னொரு தடவை” என்கிறார்கள். எது எப்படி இருந்தாலும் கடைசியில் ஒரு மந்திரம் இருக்கிறது: “எடிட்டிங்ல பாத்துக்கலாம்.” தமிழ் சினிமாவில் இன்று அதிகம் உச்சரிக்கப்படும் இரண்டு சொற்கள் என்று ஆய்வே செய்யாமல் சொல்லலாம். செட்டில் எடுக்க வேண்டிய முடிவு எங்கள் தலைமேல் வந்து இறங்குகிறது. தியேட்டரில் எழும் குறையும் அதே தலையில். குவிகிற பொருளுக்குக் குறைவில்லை, வேண்டிய ஷாட் மட்டும் இருக்காது. ஒரு காட்சிக்கு நாலு மணி நேரம் ஃபுட்டேஜ் வரும். அதில் கேட்டுக்கொண்டிருக்கிறவளின் முகம் வராது, ஏனென்றால் மூன்று கேமராவும் பேசுகிற நாயகன் மேல்.

நிறைய எடுப்பதே தவறு என்று சொல்லவில்லை. கொப்பொலாவின் ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்கு 12.5 லட்சம் அடி எடுத்தார்கள். 230 மணி நேரத்துக்கு மேல். அதன் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். கடைசியில் படத்தில் நிலைத்த கட்டுகளை வேலை செய்த நாள்களால் வகுத்தால் ஓர் எடிட்டருக்கு ஒரு நாளைக்கு 1.47 கட். அவ்வளவு குவியலைப் பார்க்க அவ்வளவு காலம் கொடுத்தார்கள். நம் ஊரில் குவியல் அவர்களுடையது, காலம் மட்டும் நம்முடையது. ரிலீஸ் தேதியை முதலில் அறிவித்துவிட்டுத்தான் படப்பிடிப்பே முடிகிறது.

‘எடிட்டிங்ல பாத்துக்கலாம்’ என்பதன் விளைவை நீங்கள் திரையிலேயே பார்க்கலாம். இரண்டு பேர் டீக்கடை பெஞ்சில் எதிரெதிரே பேசுகிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு. கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நின்றால் ஒருவர் வலது பார்த்தும் மற்றவர் இடது பார்த்தும் பேசுவார்கள். நமக்கு எதிரெதிரே இருப்பதாகத் தெரியும். கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் ஒரு குளோஸ் எடுத்துவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள், மூன்றாவது ஆள் யாரிடமோ பேசுவதுபோல. ‘லைன் கிராஸ் ஆயிடுச்சு’, ‘லுக் மாறிடுச்சு’ என்போம். கவனிக்க வேண்டியது உதவி இயக்குநர். அவர் அப்போது நடிகருக்கு இளநீர் தேடிக்கொண்டிருப்பார். மேசையில் நாங்கள் என்ன செய்வோம்? நடுவில் பாய்லரிலிருந்து ஆவி எழும் ஒரு ஷாட்டைச் செருகுவோம். இதுதான் கட்-அவே. அதைப் பார்த்துவிட்டு, “இருவருக்குள்ளும் கொதிக்கும் பகையின் குறியீடு” என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். நன்றி. ஆனால் அது ஒட்டு.

கோட்டை ஒருபோதும் தாண்டக் கூடாது என்பதும் மூடநம்பிக்கைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். மர்ச் ஒரு நல்ல வெட்டுக்கு ஆறு தேவைகளைச் சொல்லி மதிப்பெண்ணும் போட்டார்: உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்வை எங்கே இருக்கிறது, திசை, இடத் தொடர்ச்சி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து மிச்சம் 16. அம்மாவின் தொண்டை ஏறி இறங்கும் டேக்கில் பின்னாலிருக்கும் டம்ளர் இடம் மாறியிருந்தால் நான் டம்ளரை மறந்துவிடுவேன். கன்டினியூட்டிப் பிழை பிடித்து யூடியூபில் போடுகிறவர்கள் டம்ளரைப் பிடிக்கட்டும்.

அப்படியானால் லேக் எங்கிருந்து வருகிறது? என் அனுபவத்தில் பெரும்பாலும் எழுத்திலிருந்து. நாயகனின் தங்கை கடத்தப்பட்டாள் என்று நாம் பார்த்துவிட்டோம். அதை அவள் தோழி நாயகனிடம் சொல்கிறாள். நாயகன் நண்பனிடம் சொல்கிறான். நண்பன் இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறான். நாலு காட்சி, நாலிலும் நல்ல நடிப்பு, நாலிலும் தனித்தனி செட். எல்லோருக்கும் அவரவர் காட்சி வேண்டும்; எடுக்கச் செலவானது; அதனால் இருக்கும். இங்கே இருபது நிமிடம் குறைக்க முடியாது, ஒரு காட்சிதான் இருக்க முடியும். அதை எழுதும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். இதற்காக ஒரே விஷயத்தைத் திரும்பக் காட்டுவதே கூடாது என்று அர்த்தமில்லை. எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’, 1954, ஒரு கொலையை ஒவ்வொருவர் வாயிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பாட்டும் கிடையாது, மூச்சு விட. ‘விருமாண்டி’, 2004, நடந்ததையே கொத்தாளத் தேவர் வாயில் ஒரு தடவை, விருமாண்டி வாயில் ஒரு தடவை சொல்கிறது. சலிக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் நமக்குத் தெரிந்திருப்பது மாறிவிடுகிறது. தங்கை கடத்தலில் நாலாவது தடவையும் அவள் கடத்தப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

தற்செயலையும் குறிப்பிட வேண்டும், மேசையில் அதற்கு ஓர் இடம் உண்டு. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் பீட்டர் ஓ’டூல் தீக்குச்சியை ஊதி அணைக்க, அடுத்த ஷாட் பாலைவனச் சூரிய உதயம். 1962-இல் வந்த படம். திரைக்கதையில் அங்கே இருந்தது டிசால்வ்: ஒன்று கரைந்து மற்றொன்று எழுவது. ஃபிலிம் காலத்தில் டிசால்வை மேசையில் பார்க்க முடியாது. வேலைப் பிரதியில் மெழுகுப் பென்சிலால் கோடு கிழித்து வைப்போம், லேபில் பிறகு செய்வார்கள். எடிட்டர் ஆன் வி. கோட்ஸும் இயக்குநர் டேவிட் லீனும் பார்த்தபோது இரண்டு ஷாட்டும் நேராக ஒட்டியபடி ஓடியது. அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் படத்துக்குக் கோட்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கணினியில் ஒரு பொத்தானில் டிசால்வ் வந்துவிடுகிற இன்று, அந்த இரண்டு ஷாட்டும் ஒருபோதும் நேராக மோதியிருக்காது.

நீளமான படமே இல்லை என்று நான் வாதாடவில்லை. உண்மையாகவே அரை மணி நேரம் போக வேண்டிய படங்கள் என் மேசைக்கே வந்திருக்கின்றன; சொன்னதுண்டு, சில இயக்குநர்கள் கேட்டதுமுண்டு. என் ஆட்சேபம் ரிலீசுக்குப் பிறகு நடக்கிற வைத்தியத்தின் மேல். 2024-இல் ‘இந்தியன் 2’ வெளியான சில நாள்களில் 12 நிமிடம் குறைக்கப்பட்டதாகத் தயாரிப்புத் தரப்பே அறிவித்தது. முன்னும் பின்னும் வேறு படங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. இப்போது அது ஒரு விளம்பர உத்திபோலவும் ஆகிவிட்டது.

பொதுவாக இந்தக் கடைசி நேர வெட்டு எப்படி நடக்கிறது என்று வெளியே தெரியாது. சனிக்கிழமை இரவு தொலைபேசி வரும். திங்கட்கிழமைக்குள் புதுப் பிரதி வேண்டும். குறைத்ததைத் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும், புதிய டிஜிட்டல் பிரதி செய்து எல்லாத் தியேட்டர்களுக்கும் அனுப்ப வேண்டும். படத்தை வெட்டுவது பெரிய வேலை இல்லை. சிக்கல் ஒலியில். அந்தக் காட்சியின் நீளத்துக்கு இசையமைப்பாளர் ரீ-ரெக்கார்டிங் செய்திருக்கிறார். வசனம், சத்தம், இசை எல்லாம் கலந்து மிக்ஸிங் முடிந்திருக்கிறது. நடுவில் ஆறு வினாடி எடுத்தால் வயலின் தடுக்கி விழும். திரும்ப இசைக்கவும் கலக்கவும் நேரம் இல்லை. ஆகவே நாங்கள் தேடுவது கதை தொய்கிற இடத்தை இல்லை, இசை நிற்கிற இடத்தை. ஒரு பாட்டு முழுசாகப் போகும். நகைச்சுவை நடிகரின் ஒரு காட்சி போகும். இசை இல்லாத அமைதியான முகங்கள் போகும். வெட்டினால் காதுக்குத் தெரியாதே. அம்மாவும் தோசைக்கல்லும் இருந்த அந்த எழுபது ஃபிரேம் இசை இல்லாத இடம்.

விமர்சனம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘இருபது நிமிடம்’ என்று எழுதும் முன் எந்தக் காட்சியில் கைப்பேசியை எடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள். பிறகு, படம் ஓ.டி.டி.க்கு வந்ததும், அதற்கு அரை மணி நேரம் முன்னால் போய் ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். முகங்கள் எவ்வளவு நேரம் இருக்கின்றன, யார் கேட்கிறார்கள், கேட்கிறவரைக் காட்டினார்களா என்று. சத்தம் இல்லாவிட்டால் வெட்டு ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகு எங்களைத் திட்டுவதாக இருந்தால் எந்தக் காட்சி, எந்த வெட்டு என்று பெயர் சொல்லித் திட்டுங்கள். பெரும்பாலான எடிட்டர்கள் அதற்குப் பதில் எழுதுவார்கள். சிலர் ஆமாம் என்பார்கள், சிலர் அந்த ஷாட் வரவே இல்லை என்பார்கள்.